எந்தப் பூட்டு திறந்தது?

விருந்து முடிந்த மறுநாள் பின்னிரவு. கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து, வீங்கி, மேலே போர்வை உரசினாலே உயிர் போகிற வலி. கவுட் என்ற மூட்டு நோய். காலையில் ரத்தப் பரிசோதனை செய்தால் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 8 மி.கி. என்று வருகிறது. "யூரிக் அமிலம் ஏறிவிட்டது, அதனால்தான் வலி" என்று பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் அதே மனிதருக்கு அதே 8 ஐந்து வருடமாக இருந்திருக்கலாம். 37 டிகிரி செல்சியஸில் சோடியம் யூரேட் கரையும் எல்லை சுமார் 6.8 மி.கி. உடலின் நடுப்பகுதியைவிடக் கால்விரல் குளிர்ச்சியானது, அங்கே அந்த எல்லை இன்னும் இறங்கும். ஆகவே ஊசி போன்ற படிகங்கள் பெருவிரல் மூட்டில் எப்போதோ உருவாகிவிட்டன. வலியே இல்லாத நாளில் அந்த மூட்டிலிருந்து திரவம் எடுத்துப் பார்த்தாலும் படிகம் கிடைப்பதுண்டு. படிகம் அங்கேயே இருந்தது, வலி மட்டும் அன்று இரவுதான் வந்தது. அப்படியென்றால் அன்று மாறியது என்ன?

மாறியது படிகம் அல்ல, அதை விழுங்கிய மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்லின் நிலை. அந்த நிலையைத் தீர்மானிப்பவை சில புரதங்கள். அழற்சி பற்றிய பேச்சில் "தூண்டுகிறது", "கூட்டுகிறது", "குறைக்கிறது" என்ற வினைகள் மிக எளிதாக வந்து விழுகின்றன. எந்த இடத்தில் தூண்டுகிறது, எந்த இடத்தில் தடுக்கிறது என்று கேட்காமல் இந்தத் துறையில் ஒரு முடிவையும் நம்பக்கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

காவலுக்கு உள்ளே இருக்கும் பொருள் இன்டர்லூக்கின்-1 பீட்டா, சுருக்கமாக ஐஎல்-1 பீட்டா. காய்ச்சலைக் கிளப்பும், ரத்தக் குழாயின் உள்சுவரை ஒட்டும்படி மாற்றும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களை ஆயிரக்கணக்கில் அழைக்கும். எதிரே உள்ள செல்லில் மிகச் சில ஏற்பிகளைத் தொட்டாலே போதும், முழு விளைவும் வந்துவிடும். இவ்வளவு வீரியமான ஒன்றைச் செல் சாதாரணமாகக் கையில் வைத்திருப்பதில்லை. வங்கி லாக்கரைப் போல ஏற்பாடு: ஒரு சாவி ஒருவரிடம், மறு சாவி இன்னொருவரிடம். ஒன்று மட்டும் திரும்பினால் கதவு திறக்காது.

முதல் சாவி

ஓய்வாக இருக்கும் மேக்ரோஃபேஜில் ஐஎல்-1 பீட்டா அநேகமாக இல்லவே இல்லை. அதை எழுத ஓர் ஆணை வேண்டும். பாக்டீரியாவின் வெளிச்சுவரிலுள்ள எல்பிஎஸ் என்ற கொழுப்புச்சர்க்கரை டிஎல்ஆர்4 ஏற்பியில் உட்கார்ந்தால் அந்த ஆணை கிளம்புகிறது. மைடி88, ஐராக்4, டிராஃப்6, டாக்1 என்ற புரதங்கள் வழியே செய்தி கைமாறி ஐகேகே என்ற நொதிக்குப் போகிறது. அந்த ஐகேகே இங்கே செய்யும் முக்கிய வேலை ஒன்று. மரபணுக்களை எழுதவைக்கும் என்எஃப்-கப்பா பி என்ற எழுத்தரை அணைத்துப் பிடித்திருக்கும் ஐகப்பா பி ஆல்ஃபாவின் 32, 36ஆம் செரின்களில் பாஸ்பேட் ஒட்டுவது. பாஸ்பேட் ஒட்டிய ஐகப்பா பி, யுபிக்விடின் என்ற அடையாளச் சீட்டு பூசப்பட்டு, புரோட்டியசோம் என்ற புரத அரவையில் அரைபடுகிறது. கை விடுபட்ட எழுத்தர் உட்கருவுக்குள் நுழைகிறார்.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எல்பிஎஸ் போட்ட 0, 15, 30, 60, 120 நிமிடங்களில் செல்களை எடுத்து ஐகப்பா பி ஆல்ஃபாவுக்குப் பார்த்தால், அரைமணிக்குள் பட்டை கரைந்து போகிறது, ஒரு மணி நேர வாக்கில் திரும்பி வருகிறது. திரும்பி வருவதுதான் விஷயம். என்எஃப்-கப்பா பி முதலில் எழுதும் மரபணுக்களில் ஒன்று ஐகப்பா பி ஆல்ஃபா. இன்னொன்று ஏ20. அதாவது முடுக்கியை மிதித்த அதே கால் பிரேக்கையும் மிதிக்கிறது. ஒரே ஒரு நேரப்புள்ளியில், சொல்லப்போனால் 60ஆம் நிமிடத்தில் மட்டும், மாதிரி எடுத்துவிட்டு "சமிக்ஞை வரவில்லை" என்று எழுதுபவர்கள் பார்த்தது, போய்த் திரும்பி வந்த பட்டையை.

ஏ20 தனியாகச் சொல்லத் தகுந்த புரதம். டிராஃப்6 போன்றவற்றின் மேல் கட்டப்படும் யுபிக்விடின் சங்கிலிகள்தான் செய்தி கடக்கும் பாலம். ஏ20 அந்தச் சங்கிலியை அறுக்கிறது. 2000ஆம் ஆண்டு ஏ20 இல்லாத எலிகளை உருவாக்கியபோது அவை பல உறுப்புகளிலும் அழற்சி பரவிச் சீக்கிரமே இறந்தன. மனிதரில் இதன் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே போதும். இளம் வயதிலேயே வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், காய்ச்சல் என்று பெசெட் நோயைப் போன்ற ஒன்று வருகிறது. 2016இல் அதற்குத் தனி நோயாகப் பெயர் வைத்தார்கள். கிருமி எதுவும் இல்லை, வெளியிலிருந்து வந்த எதுவும் இல்லை. பிரேக் பாதி தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்பிஎஸ் மட்டுமல்ல, டிஎன்எஃப் என்ற இன்னோர் அழற்சிப் புரதம், ஐஎல்-1, சில கொழுப்பு அமிலங்கள்கூட இந்த முதல் சாவியைத் திருப்பும். விருந்து இரவின் விடை இங்கேதான். சுத்தமான யூரேட் படிகத்தை மட்டும் ரத்த வெள்ளணுக்கள் மேல் தூவினால் ஐஎல்-1 பீட்டா அநேகமாக வருவதில்லை. கூடவே 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்தைக் கொடுத்தால் கொட்டுகிறது. இது 2010இல் காட்டப்பட்டது. கொழுப்பான சாப்பாடு முதல் சாவி, படிகம் இரண்டாவது சாவி.

இரண்டாவது சாவி

முதல் சாவி திரும்பி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் செல்லுக்குள் 31 கிலோடால்டன் எடையுள்ள முன்வடிவ ஐஎல்-1 பீட்டா குவிந்துவிடும். ஆனால் அது செயலற்றது. வெளியே போகும் வழிச்சீட்டும் அதனிடம் இல்லை. பெரும்பாலான சுரப்புப் புரதங்களின் தலையில் இருக்கும் சமிக்ஞைத் துண்டு இதற்குக் கிடையாது. 116ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பின்னால் வெட்டினால்தான் 17 கிலோடால்டன் செயல்வடிவம் கிடைக்கும். வெட்டும் கத்தி காஸ்பேஸ்-1. அந்தக் கத்தியும் உறைக்குள் இருக்கிறது.

உறையிலிருந்து எடுக்கும் அமைப்புக்கு 2002இல் லோசானில் ஃபாபியோ மார்த்தினோனும் யூர்க் சோப்பும் அவர்கள் குழுவினரும் "இன்ஃப்ளமசோம்" என்று பெயர் வைத்தார்கள். அதில் பல வகை உண்டு. கவுட்டுக்குப் பொறுப்பானது என்எல்ஆர்பி3. சுமார் 118 கிலோடால்டன் எடை. முன்னால் பிஒய்டி என்ற கொக்கி, நடுவில் ஏடிபி பிடிக்கும் நாக்ட் பகுதி, பின்னால் லூசின் நிறைந்த வளைவு. ஓய்வில் பல பிரதிகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கூண்டாக, கொக்கிகளை உள்ளே மறைத்துக்கொண்டு கிடக்கும்.

இது எதை உணர்கிறது? யூரேட் படிகம், சிலிக்கா, படிகாரத் துகள், ஏடிபி, நைஜெரிசின் என்ற பாக்டீரிய நச்சு என எல்லாமே இதைக் கிளப்புகின்றன. இவற்றுக்குள் வடிவ ஒற்றுமை எதுவும் கிடையாது. ஆகவே என்எல்ஆர்பி3 இவற்றைத் தொட்டு உணரவில்லை, இவை எல்லாம் செல்லுக்குச் செய்யும் ஒரு பொதுச் சேதத்தை உணர்கிறது. பெரும்பாலான தூண்டிகளுக்கு அந்தப் பொதுச் சேதம் பொட்டாசியம் வெளியேறுவது. செல்லுக்குள் சுமார் 140 மில்லிமோலார், வெளியே 5. சவ்வில் எங்கே ஓட்டை விழுந்தாலும் முதலில் ஒழுகுவது பொட்டாசியம்தான். கிருமியின் முகத்தைத் தேடுவதற்குப் பதிலாக, வீட்டில் ஓட்டை விழுந்ததா என்று பார்க்கும் காவலாள் இது. அழகான ஏற்பாடுதான், ஆனால் படிகம் போன்ற கிருமியல்லாத பொருளுக்கும் ஏமாந்துபோவது இதனால்தான்.

பொட்டாசியம் இறங்கியதும் நெக்7 என்ற புரதம் வந்து சேர, கூண்டு பிரிந்து தட்டாக மாறுகிறது. கொக்கிகள் வெளியே வருகின்றன. அவற்றில் ஏஎஸ்சி என்ற 22 கிலோடால்டன் இணைப்புப் புரதம் இழையிழையாகக் கோத்துக்கொள்கிறது. இது கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதில்லை. செல் முழுக்கப் பரவியிருந்த ஏஎஸ்சி சில நிமிடங்களில் ஒரே ஒரு புள்ளியாகச் சுருண்டுவிடும். ஒரு மைக்ரோமீட்டர் அளவு, ஒரு செல்லுக்கு ஒன்று. ஒளிரும் ஆன்டிபாடியில் பார்த்தால் உட்கருவின் ஓரத்தில் குத்திய குண்டூசித் தலை மாதிரி இருக்கும். அதன் மேல் காஸ்பேஸ்-1 குவிந்து, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு விழித்தெழுகிறது.

மனித செல்களில் இந்தக் கோப்பைக் குழப்புவதற்கென்றே சில குட்டிப் புரதங்கள் உள்ளன. பாப்1 என்பது வெறும் பிஒய்டி கொக்கி மட்டும், கார்ட்18 என்பது வெறும் கார்ட் என்ற இன்னொரு வகைக் கொக்கி மட்டும். இழையில் வந்து உட்கார்ந்து அடுத்தவர் கோக்க முடியாமல் செய்துவிடும். பாப் குடும்பம் எலிகளுக்கு இல்லை. எலியில் பார்த்த அழற்சியின் அளவை அப்படியே மனிதருக்குச் சொல்லத் தயங்க இது ஒரு உறுதியான காரணம்.

விழித்த காஸ்பேஸ்-1 இரண்டை வெட்டுகிறது. ஒன்று முன்வடிவ ஐஎல்-1 பீட்டா. மற்றது காஸ்டெர்மின் டி என்ற புரதம். 2015இல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவ் குழுவும், ஜெனென்டெக் மருந்து நிறுவனத்தில் விஷ்வா தீட்சித்தின் குழுவும் தனித்தனியே இதைக் கண்டுபிடிக்கும் வரை, 17 கிலோடால்டன் வடிவம் வெளியே போவது எப்படி என்பது புதிராகவே இருந்தது. வெட்டிய முன்பாதி 30க்கும் மேற்பட்ட பிரதிகளாக வட்டமாகச் சேர்ந்து செல்சவ்வில் சுமார் 20 நானோமீட்டர் துளை போடுகிறது. துளையின் உட்சுவர் எதிர்மின் சுமை கொண்டது. செயல்வடிவ ஐஎல்-1 பீட்டா சுலபமாக நழுவிப் போகும். முன்வடிவத்தில் உள்ள அமிலத் துண்டை அந்தச் சுவர் தள்ளிவிடும். வெட்டியதும் வழியும் ஒரே கத்தியால் கிடைக்கிறது, வெட்டாதது சுலபமாகப் போக முடிவதில்லை.

துளை விழுந்ததாலேயே செல் வெடித்துவிடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2021இல் அதுவும் மாறியது. சவ்வு கிழிவதற்கு நிஞ்1 என்ற தனிப் புரதம் வேண்டும். செல் கிழிந்ததா என்று அறிய வெளியே அளக்கப்படும் எல்டிஹெச் நொதி நான்கு துண்டுகள் சேர்ந்த 140 கிலோடால்டன் உருவம். அது பெரும்பாலும் வருவது காஸ்டெர்மின் துளை வழியே அல்ல, நிஞ்1 கிழித்த கிழிசல் வழியே. ஆகவே "எல்டிஹெச் வரவில்லை, எனவே இன்ஃப்ளமசோம் கிளம்பவில்லை" என்ற வாக்கியம் தவறு. 5 மில்லிமோலார் கிளைசின் சேர்த்துப் பாருங்கள். எல்டிஹெச் அடங்கிவிடும், ஐஎல்-1 பீட்டா வந்துகொண்டே இருக்கும்.

மருந்து எந்த இடத்தில் நிற்கிறது

பூட்டே பழுதாகப் பிறப்பவர்களும் உண்டு. 2001இல் சான் டியேகோவில் ஹால் ஹாஃப்மன் குழு, குளிர்காற்று பட்ட சில மணி நேரத்தில் தடிப்பும் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும் குடும்பங்களில் என்எல்ஆர்பி3 மரபணுவின் மாற்றத்தைக் கண்டது. இன்ஃப்ளமசோம் என்ற சொல் பிறப்பதற்கே ஓராண்டு முன்பு. இந்தக் கூட்டு நோய்களுக்குக் கேப்ஸ் என்று பெயர். அவர்களின் மோனோசைட் என்ற ரத்த வெள்ளணுக்களுக்கு எல்பிஎஸ் மட்டும் போதும், இரண்டாவது சாவி ஏற்கெனவே திரும்பியே இருக்கிறது. தீவிர வடிவத்தில் காது கேளாமை, சிறுநீரகத்தில் அமிலாய்டு என்ற புரதம் படிவது வரை போகும்.

அவர்களுக்கு அனகின்ரா கொடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே தடிப்பும் காய்ச்சலும் அடங்குகின்றன. உடல் தானே தயாரிக்கும் ஐஎல்-1 ஏற்பித் தடுப்பானின் ஆய்வக வடிவம் அது. பெரியவர்களுக்கு முடக்குவாதத்தில் வழக்கமான அளவு நாள்தோறும் 100 மி.கி. தோலடி ஊசி. அரை ஆயுள் 4 முதல் 6 மணி நேரம்தான், அதனால்தான் தினமும். சில ஏற்பிகள் காலியாக இருந்தாலே ஐஎல்-1 வேலையை முடித்துவிடும் என்பதால் தடுப்பான் பல மடங்கு மிகுதியாக இருக்க வேண்டும். கனகினுமாப் வேறு வழி. ஏற்பியை விட்டுவிட்டு ஐஎல்-1 பீட்டாவையே பிடிக்கும் ஆன்டிபாடி, கேப்ஸில் 40 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு 8 வாரத்துக்கு ஒருமுறை 150 மி.கி.

இதே ஆன்டிபாடியை மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்தது காண்டோஸ் ஆய்வு. 2017இல் முடிவு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மி.கி. பெற்றவர்களில் இதயம் சார்ந்த நிகழ்வுகள் 15 சதவீதம் குறைந்தன. உயிர் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த இறப்பு மாறவில்லை. பூட்டை வெளியே நின்று அடைத்தால் கிருமி வரும்போதும் அது அடைத்தேதான் இருக்கும். அமெரிக்க மருந்து ஆணையம் இதய நோய்க்கு இதை அனுமதிக்கவில்லை. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அழற்சியை மட்டும் குறைத்தே, கொழுப்பைத் தொடாமல், மாரடைப்பைக் குறைக்க முடியும் என்பதை நிறுவிய ஆய்வு என்ற இடம் அதற்கு நிரந்தரம்.

கவுட்டுக்கான பழைய மருந்தான கோல்சிசின் இந்த வரிசையில் மேலே நிற்கிறது. யூர்க் சோப்பின் குழு 2006இல் யூரேட் படிகம் என்எல்ஆர்பி3ஐக் கிளப்புவதைக் காட்டியபோதே இதையும் பார்த்தது. கோல்சிசின் படிகத்தால் வரும் ஐஎல்-1 பீட்டாவைத் தடுத்தது, ஏடிபியால் வருவதைத் தடுக்கவில்லை. அதாவது இன்ஃப்ளமசோமை அது தொடவில்லை, படிகம் உள்ளே போய்ச் சேரும் பாதையிலுள்ள நுண்குழல்களைக் கலைக்கிறது. நியூட்ரோஃபில் நகர்வதையும் மட்டுப்படுத்துகிறது.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே கோல்சிசின். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டு விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அந்த விதை மருந்துக்குப் போகிறது. கிழங்கைத் தின்று இறந்தவர்களும் உண்டு. சிகிச்சை அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி குறுகலானது. தாக்குதலின் தொடக்கத்தில் 1.2 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.6 மி.கி. என்ற குறைந்த அளவே, 4.8 மி.கி. வரை போன பழைய முறைக்கு இணையாக வேலை செய்கிறது, வயிற்றுப்போக்கு மிகவும் குறைவு. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கோல்சிசினை உடைக்கும் கல்லீரல் நொதியையும் வெளியேற்றும் புரதத்தையும் அடைத்துவிடும். இரண்டையும் சேர்த்து, அதுவும் சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கொடுப்பது உயிராபத்து.

ஆய்வு மேசையில்

இனி இதைத் தட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு. இங்கேதான் தவறுகள் மலிந்திருக்கின்றன.

எலியின் தொடை, கீழ்க்கால் எலும்பு மஜ்ஜையிலிருந்து மேக்ரோஃபேஜ் வளர்க்க எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிப் புரதம் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம், அல்லது அதைச் சுரக்கும் எல்929 செல்கள் வளர்ந்த மீடியம் (வளர்ப்புத் திரவம்) 20 முதல் 30 சதவீதம். ஆறேழு நாளில் தயார். 12 குழித் தட்டில் குழிக்குப் பத்து லட்சம் செல் வீதம் போட்டு இரவு முழுதும் விடுங்கள். மறுநாள் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் எல்பிஎஸ், 3 முதல் 4 மணி நேரம். பிறகு சீரம் இல்லாத மீடியம் அரை மில்லிக்கு மாற்றி, நைஜெரிசின் 10 மைக்ரோமோலார் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், அல்லது ஏடிபி 5 மில்லிமோலார் அரைமணி, அல்லது யூரேட் படிகம் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் 6 மணி நேரம்.

சீரத்தை ஏன் எடுக்க வேண்டும்? மேல்திரவத்தைச் செறிவாக்கி ஜெல்லில் ஓட்டும்போது சீரத்தின் ஆல்புமின் கொழுகொழுவென்று வந்து எல்லாப் பட்டைகளையும் பிதுக்கிவிடும். சீரத்துக்குச் சொந்தமாகவே எல்டிஹெச்சும் உண்டு, அந்த அளவீடும் கெடும்.

செறிவாக்கும் முறை: 500 மைக்ரோலிட்டர் மேல்திரவத்துக்கு 500 மெத்தனால், 125 குளோரோஃபார்ம். நன்றாகக் குலுக்கி 13,000 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றுங்கள். ட்யூபை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இரண்டு திரவங்களுக்கு நடுவே பாலாடை போல ஒரு மெல்லிய வெள்ளைப் படலம் மிதக்கும். உங்கள் புரதம் முழுக்க அதில்தான். பிப்பெட் முனையைச் சுவரோடு ஒட்டி, மேலுள்ள திரவத்தை மட்டும் எடுங்கள், படலத்துக்கு மேல் கொஞ்சம் விட்டுவிடுவது நல்லது. அவசரப்பட்டு உறிஞ்சினால் படலம் சுருண்டு முனைக்குள் ஏறிவிடும், அந்த மாதிரி போனது போனதுதான். பிறகு மீண்டும் 500 மெத்தனால், மீண்டும் சுழற்சி, இப்போது அடியில் வில்லை. 55 டிகிரியில் உலர்த்தி, மாதிரி பஃபரில் கரைத்து, 95 டிகிரியில் 5 நிமிடம், 15 சதவீத ஜெல். ரொம்ப நேரம் காய்ந்த வில்லை கரையவே கரையாது, ஈரம் போனதும் எடுத்துவிடுங்கள்.

இந்த சிரமம் எதற்கு, புரதத்தின் அளவை ஆன்டிபாடியால் எண்ணாகச் சொல்லும் எலைசா போதாதா என்பார்கள். போதாது. வழக்கமான ஐஎல்-1 பீட்டா எலைசா கிட்டுகள் பலவும் முன்வடிவத்தையும் ஓரளவு பிடிக்கும். வேறு காரணத்தால் செல் செத்து, உள்ளே குவிந்திருந்த முன்வடிவம் ஒழுகினாலும் எண் ஏறும். அந்த எண்ணை வைத்து இன்ஃப்ளமசோம் கிளம்பியது என்று எழுதிவிடுகிறார்கள். மேல்திரவத்தில் 17 கிலோடால்டன் பட்டையும், காஸ்பேஸ்-1இன் 20 கிலோடால்டன் துண்டும், செல் சாற்றில் காஸ்டெர்மினின் 31 கிலோடால்டன் துண்டும் காட்டாத வரை அது வெறும் ஒழுகல்தான்.

ஏடிபி தூள் அமிலத்தன்மை உடையது. நடுநிலையாக்காமல் 5 மில்லிமோலார் போட்டால் மீடியம் கண்ணெதிரே மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்தும் தொடர்ந்தால் நீங்கள் அளப்பது அமிலத்தால் வரும் சாவை. பிஹெச் 7.4க்குக் கொண்டுவந்து, சிறு பங்குகளாக உறையவைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உறையவைக்காமல் பயன்படுத்துங்கள். எல்பிஎஸ் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், தனக்குள்ளும் திரண்டுகொள்ளும். ஒவ்வொரு முறையும் எடுக்குமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். முதல் சாவியை இரவு முழுக்கத் திருப்பி வைத்தால் பலன் கூடும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு. நீண்ட எல்பிஎஸ், அழற்சியை அடக்கும் ஐஎல்-10ஐக் கிளப்பி என்எல்ஆர்பி3இன் பதிலைக் குறைத்துவிடும்.

எல்பிஎஸ் போடாத குழியிலும் நைஜெரிசினுக்கு ஐஎல்-1 பீட்டா வந்தால் மகிழ வேண்டாம். மீடியத்திலோ சீரத்திலோ நீங்கள் சோதிக்கும் பொருளிலோ எல்பிஎஸ் கலந்திருக்கிறது, அல்லது செல்லில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியத் தொற்று இருக்கிறது. பாக்டீரியாவில் தயாரித்த மறுசேர்க்கைப் புரதங்களிலும் மூலிகைச் சாறுகளிலும் இது சர்வசாதாரணம்.

தடுப்பான் போடும் நேரம் இன்னொரு பெரிய குழி. எம்சிசி950 என்ற என்எல்ஆர்பி3 தடுப்பானுக்கு 1 மைக்ரோமோலாரே தாராளம், மேக்ரோஃபேஜில் 10 நானோமோலாருக்குள்ளேயே பாதி அடங்கிவிடும். உங்கள் கையிலுள்ள புதுச் சேர்மத்தை எல்பிஎஸ்ஸுக்கு முன்பே போட்டு, கடைசியில் ஐஎல்-1 பீட்டா குறைந்தது என்றால், அது முதல் சாவியைத் தடுத்ததா இரண்டாவதையா? சொல்லவே முடியாது. எல்பிஎஸ் முடிந்து முன்வடிவம் குவிந்தபின், நைஜெரிசினுக்கு அரைமணி முன்பு போடுங்கள். செல் சாற்றில் முன்வடிவமும் என்எல்ஆர்பி3யும் குறையவில்லை என்று காட்டுங்கள். டிஎன்எஃப் மாறவில்லை என்றும் காட்டினால் இன்னும் உறுதி.

செல் தேர்விலேயே கவிழ்ந்த ஆய்வுகளும் உண்டு. ரா264.7 என்ற எலி மேக்ரோஃபேஜ் வகை வளர்ப்பதற்கு எளிது, மலிவு, எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. ஆனால் அதில் ஏஎஸ்சி இல்லை. இணைப்புப் புரதம் இல்லாத செல்லில் என்எல்ஆர்பி3 வழியே காஸ்பேஸ்-1 விழித்தது என்று எழுதுவது, நடுப்பாலம் இல்லாத சாலையில் வண்டி அக்கரை போய்விட்டது என்பதற்குச் சமம். முதல் சாவி வரை பார்க்க அந்தச் செல் போதும், அதற்கு மேல் வேண்டாம். டிஹெச்பி-1 என்ற மனித மோனோசைட் வகைச் செல்லைப் பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் போட்டு மேக்ரோஃபேஜாக மாற்றும்போது பிஎம்ஏவே முன்வடிவத்தைக் கிளப்பிவிடும். கழுவி ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுத்தாலும் "எல்பிஎஸ் இல்லாத" குழி சுத்தமாக இருக்காது. மனித மோனோசைட்டோ எல்பிஎஸ் மட்டும் கொடுத்தாலே, சாகாமலே, ஐஎல்-1 பீட்டாவைக் கொஞ்சம் விடும். அது தனிப்பாதை என்பது 2016இல் தெரிந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சறுக்கல் ஒன்று பதினாறு ஆண்டு நீடித்தது. 1995இல் காஸ்பேஸ்-1 இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அளவுக்கு மீறி எல்பிஎஸ் கொடுத்தாலும் அவை பிழைத்தன. ஆகவே தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் அதிர்ச்சிக்குக் காரணம் காஸ்பேஸ்-1 என்று பாடம் எழுதப்பட்டது. அந்த எலிகள் 129 என்ற வம்சத்தின் கரு செல்களிலிருந்து செய்யப்பட்டவை. அந்த வம்சத்தில் பக்கத்து மரபணுவான காஸ்பேஸ்-11இல் இயற்கையாகவே 5 எழுத்துகள் விடுபட்டு அது செயலிழந்திருந்தது. இரண்டு மரபணுக்களும் அவ்வளவு நெருக்கம் என்பதால், எத்தனை தலைமுறை வேறு வம்சத்தோடு கலந்தாலும் அந்தப் பழுது கூடவே வந்தது. 2011இல் ஜெனென்டெக்கில் நொபுஹிகோ கயாகாகியும் தீட்சித்தும் இதைக் கண்டு, காஸ்பேஸ்-11ஐத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார்கள். காஸ்பேஸ்-1 இல்லாமலே எலிகள் எல்பிஎஸ்ஸால் இறந்தன. கொன்றது காஸ்பேஸ்-11. செல்லுக்குள் நுழைந்துவிட்ட எல்பிஎஸ்ஸை அது நேரடியாகவே பிடிக்கிறது என்று 2014இல் ஷாவ் குழு காட்டியது. மனிதரில் அதற்கு ஈடு காஸ்பேஸ்-4, 5. 1995க்கும் 2011க்கும் இடையே வந்த "காஸ்பேஸ்-1 இல்லா எலி" முடிவுகள் எதைப் படித்தாலும், அவை இரண்டு மரபணுவும் இல்லாத எலிகள் என்று மனதில் திருத்திக்கொண்டு படிக்க வேண்டும்.

ஒரு தட்டில் குறைந்தபட்சம் இவை இருக்கட்டும்: எதுவும் போடாத குழி, எல்பிஎஸ் மட்டும், நைஜெரிசின் மட்டும், இரண்டும், இரண்டோடு எம்சிசி950, நைஜெரிசினைக் கரைத்த எத்தனால் மட்டும், எல்டிஹெச் முழு அளவுக்கு செல்சவ்வைக் கரைக்கும் ட்ரைட்டன் ஒரு சதவீதம் போட்ட குழி. இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். எல்பிஎஸ் முடிந்தபின் மீடியத்தில் சோடியம் குளோரைடின் ஒரு பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றி, வெளிப் பொட்டாசியத்தை 50 மில்லிமோலாருக்கு மேல் உயர்த்திய குழி. சும்மா உப்பைக் கூட்டக்கூடாது, மொத்த உப்புச்செறிவு மாறாமல் இருக்க வேண்டும். அந்தக் குழியிலும் எம்சிசி950 குழியிலும் 17 கிலோடால்டன் பட்டை மறைந்தால் நீங்கள் பார்ப்பது பொட்டாசியம் வழி வந்த என்எல்ஆர்பி3. இரண்டிலும் மறையாமல் நின்றால் வேறு இன்ஃப்ளமசோம்களான ஏய்ம்2, என்எல்ஆர்சி4 பக்கம் தேடுங்கள். எம்சிசி950இல் மறைந்து பொட்டாசியத்தில் மறையவில்லை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பொட்டாசியம் தேவைப்படாமல் மைட்டோகாண்ட்ரியா வழியே என்எல்ஆர்பி3ஐ எழுப்பும் இமிக்விமோட் போன்ற தூண்டிகள் உண்டு, உங்கள் பொருளும் அந்த வகையாக இருக்கலாம்.